பொம்மைப் படமும் பட்டப்பெயரும்

எங்கள் குடியிருப்பில் மாலை ஐந்து மணிக்கு மேல் பிள்ளைகள் கீழே இறங்கி விளையாடுவார்கள். தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் உண்டு. விளையாட்டில் பேசுவது மட்டும் இந்தி. அவர்களில் பருமனான பையன் ஒருவனுக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்ன என்பது வெகு நாள் எனக்குத் தெரியாது. எல்லோரும் அவனை 'ஜியான்' என்றே கூப்பிட்டார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட இன்னொருவன் 'நோபிதா'. நம்மவர் வீட்டுப் பெண் ஒருத்தி, பதினொரு வயது, கொஞ்சம் பூசினாற்போல் இருப்பாள். அவளுக்கு 'ஜைகோ' என்று பெயர் வைத்தார்கள். சில வாரங்களில் அவள் கீழே வருவதை நிறுத்திவிட்டாள். இரவில் ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறாள் என்று அவள் பாட்டி என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

ஜைகோ யார் என்று அந்தப் பாட்டிக்குத் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

டோரேமான் என்ற ஜப்பானியக் கதையை ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ என்ற புனைபெயர் கொண்ட ஓவியர் 1969 இறுதியில் குழந்தைகள் பத்திரிகைகளில் வரையத் தொடங்கினார். நம் நாட்டுத் தொலைக்காட்சியில் 2005 முதல் இந்தியில் வந்து, பிறகு தமிழிலும் வந்தது. எதிர்காலத்திலிருந்து வரும் பூனை வடிவ இயந்திரம் ஒன்று, படிப்பிலும் விளையாட்டிலும் தோற்கும் நோபிதாவுக்கு உதவுகிறது என்பது கதை. ஆனால் அது ஏன் வருகிறது? முதல் கதையிலேயே நோபிதாவுக்கு அவன் எதிர்காலம் காட்டப்படுகிறது. வேலை கிடைக்காது, தொழில் நொடிக்கும், கடன் சேரும். இந்தத் துன்பங்களின் வரிசையில் ஒன்றாக, ஜைகோவைக் கல்யாணம் செய்துகொள்வதும் வருகிறது. ஜைகோ என்பவள் முரடன் ஜியானின் தங்கை, குண்டான சிறு பெண். அந்தக் கல்யாணத்தை மாற்றி, மெல்லிய உருவமும் அழகும் உள்ள ஷிசுகாவை நோபிதா மணக்கும்படி செய்வதுதான் நல்ல முடிவு. ஒரு சிறுமியின் உடம்பையே கெட்ட காலத்தின் அடையாளமாக வைத்துக் கதை தொடங்குகிறது. எங்கள் குடியிருப்புப் பெண்ணுக்குக் கிடைத்த பட்டப்பெயரின் பொருள் இதுதான். அவளுக்கு அது நன்றாகவே தெரியும்.

ஷின்சானை எடுத்துக்கொள்ளுங்கள். யோஷிதோ உசுய் 1990-ல் தொடங்கிய கதை அது. ஐந்து வயதுப் பையன் தன் தாயின் இடுப்பையும் வயிற்றையும் ஓயாமல் கேலி செய்கிறான். இந்தியில் மிட்சி என்று பெயர் மாற்றப்பட்ட அந்தத் தாய்க்கு மூலக் கதையில் வயது 29 தான். மூன்று மடிப்பு விழுந்த வயிற்றுக்கு ஜப்பானிய மொழியில் 'சந்தன்பரா' என்று ஒரு சொல் உண்டு. மூன்றடுக்கு வயிறு என்று பொருள். பெற்றெடுத்த வயிற்றுக்குப் பிள்ளை தரும் பட்டம் இது!

ஜப்பானிய மொழியில் உடம்பைப் பற்றிய கொச்சைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'டெபு' என்றால் குண்டு. 'சிபி' என்றால் குள்ளம். 'நொப்போ' என்றால் நெட்டை. 'ஹகே' என்றால் வழுக்கை. 'புசு' என்றால் அழகில்லாதவள். பெண்ணின் உடலளவைக் குறிக்கும் வேறு சில சொற்களும் உண்டு. குடும்பப் பத்திரிகையில் அவற்றை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எலும்பும் தோலுமாக இருப்பவர் 'கரிகரி'. தசை முறுக்கேறியவர் 'முகிமுகி'. சதை தொளதொளத்தவர் 'புயோபுயோ'. பார்த்தீர்களா, நம் இரட்டைக் கிளவி போலவே இருக்கிறது! நாம் கொழுகொழு, மொழுமொழு, வெடவெட என்கிறோம் அல்லவா? தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பேராசிரியர் சுசுமு ஓனோ பல ஆண்டுகள் வாதாடினார். மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. மொழி உறவு இருக்கிறதோ இல்லையோ, குண்டானவரைக் கண்டால் சும்மா இருக்க முடியாத வாய் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்.

இதனால் ஜப்பானியரே பருமனை வெறுப்பவர்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அங்கே சூமோ மல்லர்களுக்கு எவ்வளவு மரியாதை என்பது நமக்குத் தெரியும். அவர்கள் வட்டாரத்திலும் உடல்வாகைச் சொல்லும் சொற்கள் உண்டு. உருண்டு திரண்ட மல்லரை 'அங்கோ' வகை என்பார்கள். அது ஒரு பருத்த கடல் மீனின் பெயரிலிருந்து வந்தது. ஒல்லியான மல்லர் 'சொப்பு' வகை. நம் வீட்டுப் பெண் குழந்தைகள் விளையாடும் சொப்பு அல்ல. டச்சுக்காரர்களின் சூப் என்ற சொல் அங்கே அப்படித் திரிந்தது. சூப்புக்குப் போடும் கோழி எலும்பு போல இருப்பவர் என்று பொருள். இரண்டுமே உடம்பைப் பற்றியவைதான். இவர் இப்படிப் பிடிப்பார், அவர் அப்படித் தள்ளுவார் என்று ஆட்டத்தை விளக்குவதற்கான சொற்கள் அவை. அவற்றில் இழிவு இல்லை.

'ஒதாஃபுகு' என்ற சொல்லின் கதை இன்னும் சுவையானது. உப்பிய கன்னமும் சிறிய மூக்கும் கொண்ட பெண்ணின் முகமூடிக்கு அந்தப் பெயர். நிறைந்த நற்பேறு என்ற பொருள் அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அந்த முகம் அதிர்ஷ்டம் தரும் என்று வீட்டில் மாட்டுவார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டின் கெஞ்சி கதை ஓவியச் சுருள்களில் அரண்மனை அழகிகளுக்கெல்லாம் அப்படிப்பட்ட புசுபுசுத்த கன்னங்கள்தான். பின்னாளில் அதே ஒதாஃபுகு, அழகில்லாத பெண்ணைத் திட்டும் சொல்லாகவும் ஆகிவிட்டது. கன்னம் அன்றும் இன்றும் ஒன்றுதான். பார்ப்பவர் கண் மாறியதால் சொல் கசந்துவிட்டது.

சரி, கேலிச் சித்திரத்தில் எல்லாம் கொஞ்சம் மிகையாகத்தானே இருக்கும் என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வாரந்தோறும் அவசரமாக வரையும் ஓவியருக்கு, பார்த்த கணத்தில் ஆள் அடையாளம் தெரிய வேண்டும். அதனால் பருமனாக இருந்தால் முரடன் அல்லது சாப்பாட்டுப் பிரியன், கண்ணாடி போட்டால் புத்தகப் புழு, இப்படி ஒரு வாய்பாடு ஏற்பட்டுவிட்டது. 1972-ல் வந்த காட்சமான் தொடரிலேயே ஐந்து வீரர்களில் ஒருவர் பெரிய உடம்புக்காரர். குணத்துக்கும் இப்படி அச்சுகள் உண்டு. வெளியே வெடுவெடுப்பும் உள்ளே பாசமுமாக இருக்கும் பெண்ணை 'ட்சுன்தெரே' என்கிறார்கள். எதைத் தொட்டாலும் தவறவிடும் பெண் 'தோஜிக்கோ'. கண்ணாடி போட்ட பெண் 'மெகானெக்கோ'. அவள் எப்படிப் பேசுவாள் என்பதுகூட ஏறக்குறைய முடிவானது. நம் பழைய நாடகக் கம்பெனிகளில் ராஜபார்ட், கள்ளபார்ட், பபூன் என்று வைத்திருந்தோமே, அதே ஏற்பாடுதான்.

நாடகத்தில் வேஷம் கட்டியவர் இரவு முடிந்ததும் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போவார். பள்ளிக்கூடத்தில் வேஷம் கட்டப்பட்ட பிள்ளை எப்போது கலைப்பது? நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஜப்பானிய மாணவர்களிடையே 'கியாரா' என்று ஒரு சொல் புழங்குகிறது. கேரக்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் குறுக்கம். வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கியாரா உண்டு. ஒருவன் குண்டு கியாரா, ஒருவன் அசட்டுக் கியாரா, இன்னொருவன் எல்லோரும் சீண்டுவதற்கென்றே உள்ள கியாரா. ட்சுகுபா பல்கலைக்கழகச் சமூகவியலாளர் தகயோஷி தோய், பிள்ளைகள் இப்படி ஒருவரையொருவர் பாத்திரமாக்கிக்கொள்வதைப் பற்றி 2009-ல் ஒரு சிறு நூலே எழுதினார். கொடுத்த வேஷத்தை ஒழுங்காக ஆடினால் கூட்டத்தில் இடம் உண்டு. ஆட மறுத்தால் இடம் இல்லை. எனவே குண்டுப் பையன் தன்னைப் பற்றித் தானே ஜோக்கடித்துக்கொள்கிறான். எல்லோரும் சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். அவனுக்கு வலிக்கவில்லை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அங்கே சீண்டலுக்கு 'இஜிரி' என்றும், துன்புறுத்தலுக்கு 'இஜிமே' என்றும் தனித்தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். வெறும் இஜிரிதான், இஜிமே இல்லை என்று சொல்லித் தப்பிப்பவர்கள் அங்கும் உண்டு. ஆனால் 2013-ல் ஜப்பான் இயற்றிய இஜிமே தடுப்புச் சட்டம் இதற்கு நல்ல பதில் வைத்திருக்கிறது. ஒரு செயல் இஜிமேயா இல்லையா என்பதற்கு, செய்தவரின் நோக்கத்தைச் சட்டம் அளவுகோலாக வைக்கவில்லை. அதற்கு ஆளான பிள்ளை உள்ளத்திலோ உடலிலோ வலியை உணர்கிறதா என்று பார்க்கிறது. 'விளையாட்டுக்குச் சொன்னேன் மாமி' என்ற சமாதானம் அங்கே செல்லாது. நம் வீட்டுக் கூடத்திலும் அது செல்லக் கூடாது என்பேன்.

வலி என்றால் மனவலி மட்டுமல்ல. 'சிண்டரெல்லா எடை' என்று ஒரு சொல் ஜப்பானிய இளம் பெண்களிடையே பரவியிருக்கிறது. மீட்டரில் உயரத்தை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை 20-ஆல் பெருக்கி, அதில் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் வருவது அந்த எடை. 160 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிலோ. உடல் நிறைக் குறியீட்டில் அது 18. வயது வந்தவர்களுக்கு 18.5-க்குக் கீழே போனாலே எடைக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஆக, தேவதைக் கதையின் பெயரைச் சூட்டிக்கொண்டு வருவது உண்மையில் மருத்துவர் எச்சரிக்க வேண்டிய எடை. 2019-ல் ஜப்பான் அரசு நடத்திய உடல்நல, ஊட்டச்சத்து ஆய்வில், இருபதுகளில் உள்ள பெண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எடைக் குறைவாக இருந்தார்கள். 2025-ல் ஜப்பானின் உடற்பருமன் ஆய்வுக் கழகமே, இளம் பெண்களின் எடைக் குறைவையும் ஊட்டக் குறைவையும் தனி நோய்க்குறித் தொகுப்பாகக் கருத வேண்டும் என்று முன்மொழிந்தது. பருமனைப் பற்றிக் கவலைப்படுவதற்காக ஏற்பட்ட சங்கம் மெலிவைப் பற்றிக் கவலைப்பட வேண்டி வந்துவிட்டது! இதற்கெல்லாம் பொம்மைப் படமே காரணம் என்று நான் சொல்லவில்லை. விளம்பரம், சினிமா, கடைகளில் தொங்கும் துணியின் அளவு எல்லாம் உண்டு. ஆனால் பதினொரு வயதில் ஒரு தோசையோடு எழுந்திருக்கும் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது, எனக்கு அந்த 46 கிலோதான் நினைவுக்கு வந்தது.

அப்படியானால் டோரேமானை நிறுத்திவிடுவோமா? சங்கத்து நண்பர்கள் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. காரணம், கேலி பிறந்த அதே இடத்தில் மருந்தும் இருக்கிறது.

நருடோ என்ற தொடரில் சோஜி என்று ஒரு பையன் வருகிறான். பருமனானவன், எந்நேரமும் நொறுக்குத் தீனி கையில். டெபு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், அடக்க முடியாத ஆவேசம் வந்துவிடும். தான் டெபு இல்லை, 'பொச்சாரி' என்று முழங்குவான். பொச்சாரி என்றால் பூசினாற்போல என்று பொருள். கொஞ்சம் பிரியமான சொல். இது சிரிப்புக்காக வைத்ததுதான். ஆனால் சிரித்தபின் யோசித்தால், தன் உடம்பை எந்தச் சொல்லால் அழைக்கலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை அந்தப் பையன் கேட்கிறான் என்பது புரியும். சிறுவயதில் மற்றவர்கள் அவனை விளையாட்டில் சேர்க்கவில்லை; ஷிகாமாரு என்ற ஒருவன் மட்டும் தோழனானான். அவன் குலத்தாரின் போர்க்கலைக்கு அந்தப் பருத்த உடம்புதான் மூலதனம். தேர் எவ்வளவு பெரிதானாலும் அச்சாணி சிறிது என்று நமக்குச் சின்ன வகுப்பில் சொல்லித் தந்தார்கள். உருவத்தை வைத்து எடை போடாதே என்ற அந்தப் பாடம்தான் அங்கே வேறு உடையில் வருகிறது.

ஜைகோவும் முதல் கதையோடு முடிந்துவிடவில்லை. பின்வந்த கதைகளில் அவள் படக்கதை வரையும் கலைஞராக உழைக்கிறாள். கிறிஸ்டீன் கோதா என்று புனைபெயர்கூட வைத்துக்கொள்கிறாள். அவளுக்கு உண்மையான பெயர் என்ன என்பது கதையில் எங்கும் வருவதில்லை. அதே பெயருள்ள பெண் குழந்தைகள் பள்ளியில் கேலிக்கு ஆளாகக் கூடாதென்றே ஆசிரியர் பெயர் வைக்கவில்லை என்று சொல்வார்கள். தான் வரைந்தது யாரையாவது சுடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். டோரேமானையே பாருங்களேன். உயரம் 129.3 செ.மீ., எடை 129.3 கிலோ, மார்புச் சுற்றளவு 129.3 செ.மீ. கதை தொடங்கிய காலத்து நான்காம் வகுப்புப் பிள்ளைகளின் சராசரி உயரம் அந்த 129.3. படிக்கும் பிள்ளையைக் குனிந்து பார்க்காமல் நேருக்கு நேர் பார்க்கும் உயரம். அந்த உருண்டை உருவத்தைத்தான் நம் பிள்ளைகள் கட்டிக்கொண்டு தூங்குகிறார்கள். அதையும் கதையில் யாராவது தனுகி என்ற மரநாய் போன்ற பிராணியென்று சொல்லிவிட்டால், அதற்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்!

பெரியவர்கள் உலகிலும் இந்தக் கோபம் வந்திருக்கிறது. 2021 மார்ச்சில் டோக்கியோ ஒலிம்பிக் விழாக்களின் தலைமைப் படைப்பு இயக்குநர் ஹிரோஷி சசாகி பதவி விலக நேர்ந்தது. நவோமி வதனபே என்ற பருமனான நகைச்சுவைக் கலைஞரைப் பன்றியாகச் சித்தரித்து, ஒலிம்பிக் என்ற பெயரோடு சிலேடை செய்யலாம் என்று முந்தைய ஆண்டு தம் குழுவினருக்கு அவர் சொன்ன யோசனை வெளியே வந்துவிட்டது. தம் உடம்போடு தாம் மகிழ்ச்சியாக இருப்பதாக வதனபே அமைதியாகப் பதில் சொன்னார். ஆக, எந்தச் சிரிப்பு எல்லை மீறியது என்று ஜப்பானியர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நாம் மட்டும் கேட்காமல் இருக்கலாமா?

நம் வீட்டுக்கு வருவோம். வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த தமிழே கொஞ்சம். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் இந்தி. தமிழ் சமையலறையிலும் ஊரிலிருந்து வரும் தொலைபேசியிலும்தான். அந்தக் கொஞ்சத் தமிழில் என்னென்ன சொற்கள் இருக்கின்றன என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். குண்டூஸ், பூசணிக்காய், ஒல்லிப்பிச்சான், ஒட்டடைக்குச்சி, கறுப்பி, நெட்டைக்கொக்கு. கோடை விடுமுறையில் இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து ஊர் போய் இறங்கினால், பிள்ளையைப் பார்த்ததும் பெரியம்மாவும் அத்தையும் சொல்லும் முதல் வார்த்தை என்ன? 'என்னடி இப்படிப் பெருத்துட்டே?' அல்லது 'எலும்பும் தோலுமா இருக்கியே, உங்கம்மா சோறு போடறதில்லையா?' போதாக்குறைக்கு, 'வடக்கு வெயில்ல கறுத்துப் போயிட்டியே!' பாசத்தில் சொல்வதுதான், மறுக்கவில்லை. ஆனால் வருஷத்துக்கு ஒரு முறை பார்க்கும் சொந்தத்திடமிருந்து குழந்தை கேட்கும் முதல் தமிழ் அதுவாக இருந்தால், அது எந்த ஆசையோடு தமிழ் பேசும்? எங்கள் பட்டப்பெயர்கள் மட்டும் இனிப்பு, ஜப்பானியப் பட்டப்பெயர்கள் மட்டும் கசப்பு என்று சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை.

என் தாழ்மையான யோசனைகள் மூன்று. முதலாவது, பிள்ளைகள் பார்ப்பதை நாமும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்போம். ஜியான் எப்போதும் அடிக்கிறானே, குண்டானவன் எல்லாம் அப்படியா, உன் வகுப்பில் யார் அப்படி, என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். பிள்ளைகள் நம்மைவிடத் தெளிவாகப் பதில் சொல்வார்கள். இரண்டாவது, ஒரு பிள்ளையின் உடல்நலம் பற்றிக் கவலை இருந்தால், கூட்டத்தில் பட்டம் கட்டிச் சொல்லாமல், தனியாகப் பெற்றோரிடமும் மருத்துவரிடமும் சொல்வோம். பருமனும் மெலிவும் நோயாக இருக்கலாம். கேலி அதற்கு மருந்தல்ல. மூன்றாவது, பெயர். பெற்றோர் யோசித்து, பாட்டி தாத்தா நினைவாகவோ குலதெய்வத்தின் நினைவாகவோ வைத்த பெயர் ஒன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம்.

சென்ற மாதம் கீழே விளையாடும் பிள்ளைகளிடம் நான் ஒரே ஒரு விஷயம் சொன்னேன். ஜைகோ கடைசியில் படக்கதை எழுதுபவளாகிறாள், தெரியுமா என்று கேட்டேன். பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் குடியிருப்பு ஜைகோவின் நிஜப் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. அதன் பிறகு அவர்களே மாடிப்படி ஏறிப் போய், அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அன்று அவள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் மட்டையோடு வந்து, ஆட்டம் முடியும் வரை இருந்தாள். இரவுச் சாப்பாடு இன்னும் பழையபடி ஆகவில்லை என்கிறார் பாட்டி. ஒரு சொல் போட்ட காயம் ஆறச் சில மாதங்கள் ஆகும் போலிருக்கிறது.